பிரெடெரிக் டியூடர்

பிரெடெரிக் டியூடர் (செப்டம்பர் 4, 1783 - பெப்ரவரி 6, 1864) ஐக்கிய அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த வணிகர் ஆவார். இயற்கைப் பனிக்கட்டியை வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பும் வணிகத்தைத் தொடங்கியதால் பனிக்கட்டி அரசர் எனவும் அழைக்கப்படுகிறார்.

வாழ்க்கை

1806 இல் மார்ட்டினிக் தீவுக்கு முதன்முதலாகப் பனிக்கட்டி அனுப்பினார். அங்கு கிடங்கு இல்லாததால் அது உருகி இழப்பு ஏற்பட்டது. பின்னர் கடனுக்காகச் சிறை செல்லவும் நேர்ந்தது. எனினும் இரட்டைச் சுவர்க் கிடங்குகள் அமைத்தும் மரத்தூளை வெப்பக்காப்பாகப் பயன்படுத்தியும் உருகும் அளவைக் குறைத்தார். 1833 இல் கல்கத்தாவுக்கு அனுப்பிய 180 டன்னில் ஏறத்தாழ 100 டன், நான்கு மாதக் கடற்பயணத்திற்குப் பின்னும் எஞ்சியிருந்தது. காப்பி வணிகத்தில் பட்ட பெருங்கடனை இந்திய வணிகத்தின் வருவாயைக் கொண்டு அடைத்தார்.

சென்னைக் கிடங்கு

மாமல்லபுரத்திற்கு வடக்கேயுள்ள சென்னைக் கடற்கரையில் 1842 இல் இவரது பனிக்கட்டிக் கிடங்கு கட்டப்பட்டது. நீராவிப் பொறிகளின் உதவியால் இந்தியாவிலேயே செயற்கைப் பனிக்கட்டி உற்பத்தியானதும், 1880 அளவில் இவ்வணிகம் நலிந்தது. நீர்மக் குளிர்பொருள் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவதே குளிர்பதனப் பொறிகளின் அடிப்படையாகும். இன்றைய வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகளில் குளிர்பொருளின் அழுத்தத்தைக் குறைத்து ஆவியாகச் செய்வது ஒரு நுண்குழாயே. கிடங்குக் கட்டிடத்தில் 1897 இல் சுவாமி விவேகானந்தர் தங்கினார். அது தற்போது விவேகானந்தர் இல்லம் எனப்படுகிறது. எனினும் அப்பகுதி இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே வழங்கப்படுகிறது.