ஏழு கடிகாரங்களைக் கழற்றிய சிறுமி

வாப்பா ஆசைப்பட்ட உயிரியல் பிரிவை விட்டு, கணிதத்தோடு தகவல் தொழினுட்பத்தையும் தெரிவு செய்தவள் நான். ஆனாலும், தொகுப்பான் என்பது எனக்கு நீண்டநாளாக வெறும் வரைவிலக்கணமாகவே இருந்தது. மனிதர் எழுதும் மூலக் குறிமுறையைப் பொறிமொழிக்கு மாற்றும் மென்பொருள் என்று மனனம் செய்து புள்ளி பெற்றேன்; அவ்வளவுதான்.

ஒரு விடுமுறையில் ராத்தா தன் வேலையைப் பற்றிச் சொன்னார். அவர் பணிபுரியும் இடத்தின் மெயின்பிரேம் கணினியில், கோபோல் மொழி நிரலொன்று இரவில் இடைநடுவே நின்றுவிட்டது. கணினி காட்டியது பதினறும எண்ணிலான ஒரு முகவரியை மட்டுமே. நினைவகத்தில் அந்த நிரல் தொடங்கும் முகவரியை அதிலிருந்து ராத்தா கழித்தார். வந்த விடையை, நிரலைத் தொகுத்தபோது அச்சிட்டு வைத்த பட்டியலில் தேடினார். ஒவ்வொரு பொறிக் கட்டளையும் எந்த மூல வரியிலிருந்து பிறந்தது என்பதை அந்தப் பட்டியல் காட்டும். அவர் தேடியது ஒரு கூட்டல் வரி. இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம் இருந்ததால் நிரல் நின்றிருந்தது.

கோபோல் உருவாக வழிசமைத்தவர் ஒரு பெண் என்று ராத்தா சொன்ன பிறகே கிரேஸ் ஹொப்பரைத் தேடி வாசித்தேன்.

அவர் 1906 டிசம்பர் 9ஆம் திகதி நியூயோர்க்கில் பிறந்தார். ஏழு வயதில், எலாம் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்றறிய ஒன்றைக் கழற்றினார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அதைப் புரிந்துகொள்ள அடுத்ததைக் கழற்றினார். இப்படியே வீட்டிலிருந்த ஏழும் துண்டுகளாயின. தாயார் கடிகாரங்களைத் தொடவே கூடாதென்று தடுக்கவில்லை. இனி ஒன்றோடு மட்டும் நிறுத்திக்கொள்ளச் சொன்னார்.

வஸார் பெண்கள் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் கற்று, 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வஸாரிலேயே விரிவுரையாளராகவும் இருந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படையில் சேர விரும்பியபோது வயதும் குறைந்த நிறையும் தடையாயின. விடாது முயன்று 1943இல் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஹாவர்டின் மார்க் 1 கணினிக்கு நிரல் எழுத அனுப்பப்பட்டார்.

அக்காலத்தில், சரியாக இயங்கிய நிரல் துண்டுகளைக் குறிப்புப் புத்தகங்களிலிருந்து கையால் பிரதி செய்வார்கள். புதிய நிரலில் அத்துண்டு அமையும் இடத்துக்கேற்ப ஒவ்வொரு முகவரியையும் கூட்டி மாற்றவும் வேண்டும். பிரதி செய்வதிலும் பிழை, கூட்டுவதிலும் பிழை. கூட்டலுக்கென்றே செய்யப்பட்ட இயந்திரம் இருக்க, மனிதர் ஏன் கூட்டிப் பிழைவிட வேண்டும் என்று ஹொப்பர் சிந்தித்தார். 1952இல் ஏ-0 என்ற தொகுப்பானை ஆக்கினார். காந்த நாடாவிலிருந்த துண்டுகளைத் தேடியெடுத்து, முகவரிகளைத் திருத்தி, அதுவே கோத்துத் தந்தது. கணினி கணக்கு மட்டுமே செய்யும் என்று பலரும் அதை நம்ப மறுத்தனர்.

அவர் தளரவில்லை. ஆங்கிலச் சொற்களால் கட்டளையிடும் புளோ-மேட்டிக் மொழியை அவரது குழு உருவாக்கியது. 1959இல் தொடங்கிய கோபோல் முயற்சிக்கு அதுவே பெரிதும் அடிப்படையானது. 1966இல் ஓய்வு கொடுத்த கடற்படை அடுத்த ஆண்டே அவரை மீண்டும் அழைத்தது. 1986இல் ரியர் அட்மிரலாக ஓய்வுபெற்றபோது வயது 79. 1992 ஜனவரி முதலாம் திகதி காலமானார்.

அன்று மனிதர் செய்த கூட்டலை ஹொப்பர் இயந்திரத்திடம் ஒப்படைத்தார். அந்தக் கூட்டலுக்கு எதிரான கழித்தலைச் செய்துதான் ராத்தா பிழை பிறந்த வரிக்குத் திரும்பினார். மூலக் குறிமுறையும் பட்டியலும் பேணப்படாதிருந்தால், அந்த நிரலும் பூட்டத் தெரியாத எட்டாவது கடிகாரமாகவே கிடந்திருக்கும்.

தோழியரே, விடையை மட்டும் மனனம் செய்யாமல் அது எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்ப்போம். பெற்றோரே, வீட்டில் ஒரு கடிகாரத்தையாவது கழற்ற விடுங்கள். எங்கள் வாப்பா சென்ற வாரம் பழுதான வானொலியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதை இன்னும் பூட்டி முடிக்கவில்லை.