ஐகோர்ட்டு நீதிபதிக்கு மூன்று ரூபாய் அபராதம்!
முத்துசாமி அய்யரின் வாழ்க்கை

கிராமக் கணக்கரிடம் எடுபிடி வேலை. சம்பளம் மாதம் ஒரு ரூபாய்!

அந்த வேலையைப் பார்த்த ஏழைச் சிறுவன்தான், பிற்காலத்தில் சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி ஆனான். அவர்தான் சர் டி. முத்துசாமி அய்யர்.

1832-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி தஞ்சை மாவட்டம் உச்சுவாடி கிராமத்தில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். பிழைப்புக்காகத் திருவாரூரில் வேலைக்குப் போனார்.

தாசில்தார் வைத்த சோதனை

ஒருநாள் ஆற்றங்கரை உடைந்து விட்டதாகத் தகவல் வந்தது. அப்போது கச்சேரியில் பெரியவர்கள் யாரும் இல்லை. தாசில்தார் முத்துசாமி நாயக்கர், அங்கே இருந்த சிறுவனை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார்.

சிறுவன் ஓடினான். உடைப்பு எவ்வளவு, அதை அடைக்க என்ன வேண்டும் என்று எல்லாவற்றையும் விசாரித்து வந்து சொன்னான். தாசில்தாருக்குச் சந்தேகம். பிறகு விசாரித்துப் பார்த்தார். சிறுவன் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது!

தாசில்தார் மனம் மகிழ்ந்தார். நாகப்பட்டினம் பள்ளிக்கும், பிறகு சென்னைக்கும் அனுப்பிப் படிக்க வைத்தார். இரவில் தெருவிளக்கின் வெளிச்சத்தில் முத்துசாமி படித்தார் என்று இன்றும் சொல்வார்கள். 1854-ல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு பெற்றார்.

ஓயாத படிப்பு

முதலில் ஆசிரியர் வேலை பார்த்தார். பிறகு வக்கீல் பரீட்சை எழுதித் தேறினார். தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். 1868-ல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட்டு ஆனார்.

பதவி வந்துவிட்டது. இனிப் படிப்பு எதற்கு என்று அவர் புத்தகத்தை மூடி வைக்கவில்லை. பகலில் வழக்கு விசாரித்தார். மற்ற நேரத்தில் சட்டம் படித்தார். மாஜிஸ்திரேட்டாக இருந்துகொண்டே, தம்மைவிட வயதில் சிறியவர்களோடு பரீட்சை எழுதி பி.எல். பட்டம் பெற்றார்!

ஐகோர்ட்டு நீதிபதிக்குச் சம்மன்

அந்த நாளில்தான் ஒரு வழக்கு வந்தது. ஓர் ஏழை இந்தியர், தம்மை அடித்து விட்டதாக ஒருவர் மீது புகார் கொடுத்தார். அடித்தவர் யார் தெரியுமா? வெள்ளைக்காரர், ஐகோர்ட்டு நீதிபதி!

முத்துசாமி அய்யர் தயங்கவில்லை. நீதிபதிக்குச் சம்மன் அனுப்பினார். மேலதிகாரியான தலைமை மாஜிஸ்திரேட்டு, அவ்வளவு பெரியவரைக் கோர்ட்டுக்கு வரவழைக்க வேண்டாமே என்று சொல்லிப் பார்த்தார். அய்யர் கேட்கவில்லை. சட்டத்தின் முன்னே பெரியவர், சிறியவர் கிடையாது என்பதில் உறுதியாக நின்றார்.

நீதிபதி வந்தார். குற்றம் ருசுவாயிற்று. மூன்று ரூபாய் அபராதம்!

தொகை சிறிதுதான். ஆனால் ஆள்வது வெள்ளைக்காரர். வேலையே போயிருக்கலாம். தெரிந்தேதான் அவர் தீர்ப்பு எழுதினார்.

பதவி தேடி வந்தது

வேலை போகவில்லை. பதவி உயர்ந்தது. அதே ஐகோர்ட்டிலேயே முத்துசாமி அய்யர் நீதிபதியானார்.

வெள்ளைக்காரர்களின் பத்திரிகை இந்த நியமனத்தை எதிர்த்து எழுதியது. ஆறு இளைஞர்கள் கொதித்து எழுந்தனர். பதில் கொடுக்கச் சொந்தமாக ஒரு பத்திரிகையைத் தொடங்கினர். 1878 செப்டம்பர் 20-ந் தேதி பிறந்த அந்தப் பத்திரிகைதான் ‘தி இந்து’!

எதிர்த்தவர்களுக்கு அய்யர் தம் தீர்ப்புகளால் பதில் சொன்னார். 1893-ல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். கடைசிவரை நீதிபதியாகவே பணியாற்றி, 1895 ஜனவரி 25-ந் தேதி காலமானார். 63 வயது நிறைய மூன்று நாட்களே இருந்தன.

சென்னை ஐகோர்ட்டுக் கட்டிடத்தில் அவருடைய பளிங்குச் சிலை இருக்கிறது. தலையில் தலைப்பாகை. காலில் செருப்பு இல்லை. வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு ரூபாய்க்காக வெறுங்காலோடு ஓடிய அதே கால்கள்தான் அவை!