வெற்றிடத்தை வடித்த சிற்பி

போர் நினைவுச் சின்னங்கள் பெரும்பாலும் வெற்றியையும் வீரத்தையும் பறைசாற்றுவன. எரியுண்ட ஒரு நகரின் துயரையே பொருளாகக் கொண்ட சிற்பம், நெதர்லாந்தின் துறைமுக நகரான ராட்டர்டாமில் நிற்கின்றது. அதனைப் படைத்தவர் ஓசிப் சாட்கின்.

அன்றைய ரஷ்யப் பேரரசின் விதெப்ஸ்க் நகரில் 1888ஆம் ஆண்டு பிறந்த சாட்கின், இளமையில் இங்கிலாந்தில் பயின்று, பின்னர்ப் பாரிசைத் தம் வாழ்விடமாக்கிக் கொண்டார். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் காயமுற்றோரைச் சுமக்கும் பணியேற்று, நச்சுப்புகைக்கு ஆளானார். கியூபிச நெறியில் தேர்ந்த அவர், உடலின் புடைப்பு இருக்க வேண்டிய இடத்தில் குழிவை அமைத்து ஒளியும் நிழலும் விளையாடச் செய்தார். யூத வழிவந்தவராதலின், 1941இல் பிரான்சை நீங்கி நியூயார்க்கில் அடைக்கலம் புகுந்தார்; போர் ஓய்ந்த 1945இல் திரும்பினார்.

1940 மே 14 அன்று ஜெர்மானிய விமானங்கள் கால்மணி நேரம் பொழிந்த குண்டுகளாலும் அவை மூட்டிய பெருந்தீயாலும் ராட்டர்டாமின் நடுப்பகுதி அழிந்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தனர். போருக்குப்பின் ரயிலில் அவ்வழியே சென்ற சாட்கின், நகரம் இருந்த இடத்தில் வெறும் வெளியைக் கண்டார். அக்காட்சி முதலில் ஒரு சிறு சுடுமண் உருவாயிற்று.

அதனைப் பேருருவாக்கும் செலவை பல்பொருள் அங்காடி நிறுவனமொன்று ஏற்றது. தன் பெயர் வெளிப்படலாகாது என்பது அந்நிறுவனம் விதித்த நிபந்தனை. ஏறத்தாழ 6 மீட்டர் உயரமுள்ள அவ்வெண்கலச் சிற்பம், 1953 மே 15 அன்று லூவஹாவன் துறையருகே திறந்து வைக்கப்பெற்றது. ‘அழிக்கப்பட்ட நகரம்’ என்பது அதன் பெயர். தலை பின்சாய, இரு கைகளும் வானோக்கி உயர, உருவம் தடுமாறி நிற்கின்றது. உடலின் நடுவே பெருந்துளை. இதயமற்ற நகரம் என மக்கள் வழங்கலாயினர்.

கலையழகுக்காக முன்பு தாம் கையாண்ட குழிவே இங்குப் பொருளாக மாறியதைச் சாட்கினின் முதிர்ச்சி எனலாம். உத்தி துயரைத் தேடிச் செல்லவில்லை. துயர், தனக்குரிய உத்தியை அவரிடம் ஆயத்தமாகக் கண்டது. இரு போர்களையும் தம் உடலாலும் இடப்பெயர்வாலும் அறிந்தவர் அவர்.

1967இல் சாட்கின் மறைந்தார். பாரிசில் அவர் வாழ்ந்து பணியாற்றிய இல்லம் 1982 முதல் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. ராட்டர்டாமிலோ, புதிதாய் எழுந்த உயர்மாடங்களுக்கிடையே, இழந்ததை இட்டு நிரப்பாது அச்சிற்பம் இன்றும் நிற்கின்றது. சொல்லாது விட்ட இடத்தில் பொருளை நிறுத்தும் கவிஞர்க்கு அத்துளை அயலானதன்று.