தானசிந்தாமணி அத்திமப்பை

உணவு, மருந்து, அடைக்கலம், அறிவு என நம் முன்னோர் தானத்தை நான்காக வகுத்தனர். உணவு ஒரு பொழுதைத் தாங்கும். அறிவோ பல தலைமுறைகளைத் தாங்கும். அவ்வறிவுத் தானத்தைத் தம் நன்றிக்கடனாகக் கொண்டு வாழ்ந்த ஒரு தாயின் வரலாறு இது.

பத்தாம் நூற்றாண்டில், வேங்கி நாட்டைச் சேர்ந்த மல்லப்பரின் மகளாகத் தோன்றியவர் அத்திமப்பை அம்மையார். மல்லப்பரும் அவர்தம் உடன்பிறந்தார் பொன்னமய்யரும் வீரத்தோடு கல்வியும் நிறைந்தவர்கள். தம் குருவாகிய ஜினசந்திர முனிவரின் நினைவைப் போற்ற விரும்பிய அவ்விருவரும், கன்னடப் பெருங்கவி பொன்னரைக் கொண்டு, பதினாறாம் தீர்த்தங்கரர் சாந்திநாதரின் வரலாற்றைச் சாந்திபுராணமாக இயற்றுவித்தனர். இத்தகைய இல்லத்தில் அம்மையார் வளர்ந்தார்.

973-இல் இராட்டிரகூடரை வென்று சாளுக்கிய ஆட்சியை மீண்டும் நிறுவியவன் இரண்டாம் தைலபன். அவனுடைய அமைச்சர் தல்லபரின் மைந்தர் நாகதேவரை அம்மையார் மணந்தார். தங்கை குண்டமப்பையும் அவருக்கே வாழ்க்கைப்பட்டார். அம்மையாருக்கு அண்ணிகதேவன் என்னும் மகன் பிறந்தான். நாகதேவர் உயிர்நீத்தபோது குண்டமப்பை தீப்பாய்ந்தார். ஒரே நாளில் கணவரையும் தங்கையையும் இழந்து நின்ற அம்மையார், மகனை வளர்க்கவும் அறம் வளர்க்கவும் உயிர் தாங்கினார். கடும் நோன்புகளை மேற்கொண்டு எளிய வாழ்வு வாழ்ந்தார்.

உயிரைத் தீக்கு இரையாக்குதல் அருகநெறி காட்டும் வழியன்று. காஞ்சியோடு இணைத்துப் போற்றப்படும் சமந்தபத்திரர், தம் இரத்தினகரண்டக நூலில் தீயில் வீழ்தலை உலக மூடங்களுள் ஒன்றாகவே எண்ணினார். அந்நூலின் பொருளையே நாம் அருங்கலச்செப்பில் தமிழாகப் பயில்கிறோம். தங்கையின் துயர முடிவுக்கு இரங்கும் நெஞ்சம், தமக்கை வாழத் துணிந்ததன் அருமையையும் உணர வேண்டும். இறப்பதற்கு ஒரு கணத் துணிவு போதும். இழப்பைச் சுமந்துகொண்டு பிறர்க்குப் பயன்பட வாழ்வதற்கு ஒவ்வொரு நாளும் துணிவு வேண்டும்.

தந்தையார் இயற்றுவித்த சாந்திபுராணம் அழிந்துவிடலாகாது என்று கருதிய அம்மையார், அதனை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். அச்சு இல்லாத காலம் அது. ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் ஒவ்வோர் எழுத்தாகக் கீறி, மையிட்டு, துளையில் கயிறு கோத்து ஒரு சுவடியை முடிக்கவே நெடுநாள் ஆகும். ஆயிரம் சுவடிகள் என்றால், எத்தனை கைகளுக்கு வேலையும் எத்தனை இல்லங்களுக்கு அறிவும் கிடைத்திருக்கும்! பிறந்த வீட்டுக்கும் குருமரபுக்கும் ஒரு மகள் செலுத்திய நன்றி அது. பொன்னாலும் மணியாலும் ஆயிரத்தைந்நூறு ஜினபிம்பங்களைச் செய்வித்து அளித்த சிறப்பும் அவருக்கு உண்டு.

வளையல் விற்கும் குடியிற் பிறந்து கவிஞராக உயர்ந்த இரன்னரை அம்மையார் ஆதரித்தார். அவ்வாதரவால் 993-இல் இரண்டாம் தீர்த்தங்கரரைப் பாடும் அஜிதபுராணம் எழுந்தது. தம்மை வாழ்வித்த தாயை மறவாத அக்கவிஞர், தம் மகளுக்கு அத்திமப்பை என்றே பெயர் சூட்டினார். நன்றி செலுத்தியவரை நன்றியே வந்து சேர்ந்தது.

இன்றைய கர்நாடக மாநிலம் கதக் மாவட்டத்தில் உள்ள இலக்குண்டியில் அம்மையார் எழுப்பிய ஜினாலயத்தையும் அவர்தம் பெருமையையும் 1007-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உரைக்கிறது. தானசிந்தாமணி என்று அந்நாடு அவரைக் கொண்டாடியது. இன்றும் அம்மாநில அரசு அவர் பெயரால் பெண் எழுத்தாளர்க்கு விருது வழங்கி வருகிறது.

நம் தமிழ்ச் சமண இல்லங்களும் இப்பணியில் பின்தங்கியவை அல்ல. 1887-இல் உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை அச்சேற்றியபோது, அதனைப் பாடம் கேட்டும் ஓதியும் காத்துவந்த சமணக் குடும்பத்தாரின் துணை அவருக்குப் பெரிதும் உதவிற்று. அவ்வில்லங்களில் ஏடுகளைப் பூச்சியும் ஈரமும் அணுகாமல் காத்த தாய்மாரின் பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. ஆயினும் அவர்களும் அத்திமப்பையின் வழி நின்றவர்களே.

பெரிய காஞ்சிபுரத்திலிருந்து திருப்பருத்திக்குன்றம் சென்று திரைலோக்கியநாதரை வணங்கித் திரும்பும் தாய்மார்க்கு ஒரு வேண்டுகோள். மக்களும் மனையும் நலமாக இருப்பதற்கு நன்றியாக விளக்கேற்றுகிறோம், நோன்பு நோற்கிறோம். அத்துடன், பரணில் உறங்கும் பழைய ஏட்டையோ நூலையோ எடுத்துத் துடைத்து, ஒரு பக்கமேனும் பிள்ளைகளைப் படிக்கச் செய்வோம். ஆயிரம் சுவடி எழுதுவித்த அன்னைக்கு நாம் செலுத்தக்கூடிய வணக்கம் அதுவே.