லிப்டனும் ஒரு சில்லறைக் கடைக்காரர்தான்

அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னை வழியாக லிப்டன் சீட்டுக்கு ஏறும் வெளிநாட்டவருக்கு லிப்டன் என்றால் தேயிலை. கொழும்பில் இருப்பவர்களுக்கு அது ஆர்ப்பாட்டங்கள் நடக்கும் ஒரு சுற்றுவட்டம். தோட்டத்து மக்களுக்கு எப்போதோ இருந்த ஒரு பெரிய துரையின் பெயர். பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாதை ஒன்றில் வாப்பாவிடமிருந்து வந்த சில்லறைக் கடையை இருபத்தாறு வருடமாக நடத்திவரும் எனக்கு, சேர் தோமஸ் லிப்டன் முதலில் ஒரு கடைக்காரர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவரைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. 2022இற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பல சிறு கடைகள் மூடப்பட்டுவிட்டன. நடத்துபவர்களின் பிள்ளைகள் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள். தவலம் கட்டி, மாடுகளின் முதுகில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிக்கொண்டு இந்த மலைகளுக்குள் வந்த முஸ்லிம் வியாபாரிகளின் வழியில் வந்தது எங்கள் தொழில். அது எங்கள் தலைமுறையோடு நின்றுவிடுமா என்ற கேள்வி இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது. மோசமான காலத்தில் சிறு கடையில் தொடங்கி எழுந்த ஒருவர் எங்கள் மலையிலேயே கால் பதித்திருக்கும்போது, அவரிடம் எதை எடுக்கலாம், எதை விடவேண்டும் என்று பார்ப்பது நல்லது.

லிப்டன் 1848இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்தின் ஏழை விவசாயக் குடும்பத்தவர்கள். பஞ்ச காலத்தில் பிழைப்புத் தேடிக் கிளாஸ்கோவுக்கு வந்தவர்கள். ஒரு சிறிய கடை போட்டு வெண்ணெயும் முட்டையும் பன்றி இறைச்சியும் விற்றார்கள். தாயின் கை சிறியது, அதில் முட்டை பெரிதாகத் தெரியும், அதனால் தாயே முட்டை எடுத்துக் கொடுக்கட்டும் என்று சிறுவன் லிப்டன் யோசனை சொன்னதாக ஒரு கதை உண்டு. தன்னைப் பற்றிய கதைகளைக் கூட்டிச் சொல்வதில் அவர் கெட்டிக்காரர். ஆகவே அதை அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆனால் கடைக்குள் வளரும் பிள்ளை எதைக் கவனிக்கும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு எடுபிடி வேலைக்குப் போனார். பிறகு கிளாஸ்கோவுக்கும் பெல்பாஸ்ட்டுக்கும் இடையில் ஓடிய கப்பலில் வேலை செய்தார். பதினாறு வயதளவில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். உள்நாட்டுப் போர் முடியும் காலம் அது. வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்திலும் தென் கரோலினாவில் நெல் வயலிலும் கூலி வேலை செய்தார். கடைசியில் நியூயோர்க்கில் ஒரு பெரிய கடையின் பலசரக்குப் பிரிவில் சேர்ந்தார். பொருளை எப்படி அடுக்குவது, விலையை எப்படிப் பளிச்சென்று எழுதி வைப்பது, வாடிக்கையாளரை எப்படி வரவேற்பது என்பதையெல்லாம் அங்கேதான் பார்த்தார். கையில் சேர்ந்த சிறு தொகையோடு ஊர் திரும்பி, 1871இல் கிளாஸ்கோவின் ஸ்டொப்குரொஸ் வீதியில் தனக்கென்று ஒரு கடை திறந்தார்.

தொடக்கத்தில் கூட்டுவதும் துடைப்பதும் நிறுப்பதும் கணக்கு எழுதுவதும் எல்லாம் அவர்தான். இதைப் படிக்கும் எங்கள் கடைக்காரர்களுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது. அவர் வேறுபட்டது மூன்று விடயங்களில். முதலாவது, இடைத்தரகரைத் தவிர்த்து அயர்லாந்து விவசாயிகளிடமிருந்து நேரடியாக வெண்ணெயும் முட்டையும் வாங்கினார். இரண்டாவது, குறைந்த இலாபம் வைத்து அதிகமாக விற்றார். மூன்றாவது, கடன் கொடுக்கவும் இல்லை, கடனுக்குச் சரக்கு எடுக்கவும் இல்லை. ரொக்கம் மட்டும். கிடைத்த இலாபத்தை மீண்டும் வியாபாரத்திலேயே போட்டார்.

1878 ஒக்டோபரில் கிளாஸ்கோ சிட்டி வங்கி உடைந்து விழுந்தது. பங்குதாரர்கள் சொத்தை இழந்தார்கள். அந்த வட்டாரத்தில் எத்தனையோ வியாபாரங்கள் சேர்ந்து சரிந்தன. லிப்டனின் கடைகள் நின்றன. சம்பளம் குறைந்த தொழிலாளி மலிவான கடையைத் தேடுவான். அந்த மலிவான கடை லிப்டனுடையது. பத்து வருடத்துக்குள் அவருக்கு முந்நூறு அளவில் கடைகள் இருந்தன.

விளம்பரத்திலும் அவர் எல்லை தெரியாதவர். பன்றிகளை வீதியில் ஊர்வலம் விட்டார். யானை போன்ற பாலாடைக்கட்டியை இறக்குமதி செய்து, அதற்குள் தங்கக் காசு புதைத்து விற்றார். ஒரு பவுண் நோட்டுப் போலவே துண்டுப்பிரசுரம் அடித்தார். அதை உண்மை நோட்டென்று மாற்றியவர்கள் இருந்தார்கள், விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஊர் சிரித்தது, கடையும் நிறைந்தது. ஆனால் தெரியாதவன் ஏமாறக்கூடிய எந்த வித்தையும் எங்கள் வியாபாரத்துக்கு ஆகாது. ஒரு தோட்டத்தில் ஒரு தடவை நிறையில் பெயர் கெட்டால், அந்தத் தோட்டத்தின் எல்லா லயத்துக்கும் அன்று மாலையே செய்தி போய்விடும்.

இனி எங்கள் மலைக்கு வருவோம். 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையில் ஒரு துரு நோய் காணப்பட்டது. அதே நோய் அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் இலங்கையின் கோப்பிப் பொருளாதாரத்தையே தின்று தீர்த்தது. 1884 மே மாதத்தில் தோட்டங்களுக்குப் பணம் கொடுத்துவந்த ஓரியண்டல் வங்கியும் விழுந்தது. அதன் நோட்டுகள் செல்லாமல் போகும் என்று சனங்கள் கலங்கியபோது, ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசாங்கத்தின் பேரில் அவற்றுக்கு உத்தரவாதம் கொடுக்கவேண்டி வந்தது. ஊவா தனி மாகாணமாக்கப்பட்ட 1886இல் இந்த மலைகளின் நிலைமை அப்படித்தான் இருந்தது. கைவிடப்பட்ட தோட்டங்கள், இந்தியாவுக்குத் திரும்பிப் போன தொழிலாளர்கள், வாங்க ஆளில்லாத காணிகள்.

1890இல் லிப்டன் வந்தார். அவுஸ்திரேலியாவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கொழும்பில் இறங்கியவர், அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை மலிவான விலைக்கு வாங்கினார். தம்பேதன்னை அவற்றில் முக்கியமானது. அப்போது ரயில் நானுஓயா வரைதான் வந்திருந்தது. அப்புத்தளைக்கு 1893இல்தான் வந்தது, பதுளைக்கோ 1924இல். கிளாஸ்கோவில் முட்டை விடயத்தில் செய்ததையே இங்கு தேயிலையில் செய்தார். உற்பத்தியாளருக்கும் கடைக்கும் இடையில் இருந்தவர்களை விலக்கினார். அன்று பிரித்தானியாவில் தேயிலை இறாத்தல் மூன்று சிலிங் அளவில் விற்றது. அவர் ஒரு சிலிங் ஏழு பென்சுக்குக் கொடுத்தார். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுப்பதற்குப் பதிலாக, நிறை உறுதியான கால், அரை, ஒரு இறாத்தல் பொதிகளாக விற்றார். கூலிக்காரனும் வாங்கக்கூடிய அளவு, கலப்படம் பற்றிய பயமும் இல்லை.

இதுவரை கேட்டால் பாடம் எளிது போலத் தெரியும். நேரடியாக வாங்கு, சிறிதாகப் பொதி செய், ரொக்கத்துக்கு விற்று விடு. முதலிரண்டில் எனக்கு மறுப்பில்லை. மூன்றாவதில்தான் விடயம் இருக்கிறது.

லிப்டனின் வாடிக்கையாளர் வாரக் கூலி வாங்கிய நகரத்துத் தொழிலாளி. எங்கள் வாடிக்கையாளருக்கு மாதத்தில் ஒரு நாள், பத்தாம் திகதி சம்பளம். மழை பெய்தால் பேர் குறையும். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். நாட்கூலி 2021 மார்ச்சில் 1,000 ரூபாவானது. அடுத்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். கூலி 1,350 ரூபாவாக உயர்ந்தது 2024 செப்டெம்பரில்தான். அந்த மூன்றரை வருடமும் கோதுமை மாவும் பருப்பும் பால்மாவும் எந்த விலைக்குப் போயின என்பதை எங்கள் கணக்குக் கொப்பிகளைப் புரட்டினால் காணலாம். அந்த நாட்களில் நான் ரொக்கம் மட்டும் என்று பலகை தொங்கவிட்டிருந்தால், இருபதாம் திகதிக்குப் பிறகு பல லயங்களில் அடுப்பு எரிந்திருக்காது. கடையும் பிழைத்திருக்காது. ஆள் வராத கடையில் ரொக்கம் எங்கிருந்து வரும்?

ஆனால் கடனுக்கும் இந்த மலையில் ஒரு கறுப்புச் சரித்திரம் உண்டு. கங்காணியிடம் பட்ட கடனோடு தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை லிப்டன் காலத்திலும் நடைமுறையில் இருந்தது. அந்தக் கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் துண்டு. 1921இல்தான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கிளாஸ்கோ தொழிலாளியின் தேநீர் மலிவானதற்கு, இங்கே கொழுந்து பறித்தவருக்குக் கிடைத்த சொற்பக் கூலியும் ஒரு காரணம். லண்டன் ஏழைகளின் விருந்துக்கு 1897இல் 25,000 பவுண் கொடுத்த மனிதர் அவர். அந்தத் தாராளம் எங்கள் லயங்களுக்கு வந்து சேரவில்லை. முட்டை விற்ற தாயின் கடையைக் கடைசிவரை மறக்காதவருக்கு, தன் தோட்டத்துத் தாய்மார் எந்தக் கடையில் என்ன விலைக்கு அரிசி வாங்கினார்கள் என்று கேட்கத் தோன்றியிருக்க வேண்டும்.

ஆகவே எங்கள் கொப்பி துண்டாக மாறக்கூடாது. கடனுக்கு வாங்குபவருக்கு ஒரு விலை, காசுக்கு வாங்குபவருக்கு ஒரு விலை என்று வைப்பது அந்த வழிதான். வட்டியை விட்டு விலகி நிற்கும் நாங்கள் அதை விலைக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. கடனை எழுதி வைக்கவும், கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கவும் எங்கள் மார்க்கம் சொல்லித் தந்திருக்கிறது. என் கடையில் கொப்பி இரண்டு. ஒன்று என்னிடம், மற்றது வாங்குபவரிடம். இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதுவோம். கடந்த மாதம் எத்தனை பேர் விழுந்தது என்று பார்த்து, அதில் பாதிக்கு மேல் கடன் ஏறாமல் பார்த்துக்கொள்கிறேன். ஏறினால் சரக்கை நிறுத்துவதில்லை. அரிசி, மா, பருப்பு, உப்பு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுமாறு அந்த அக்காவிடமே சொல்லிவிடுவேன். வெட்கப்படும்படி மற்றவர் முன்னால் சொல்வதில்லை.

லிப்டனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வாங்கும் முறையை. 2022இல் எனக்குச் சரக்குத் தந்த மொத்த வியாபாரி முப்பது நாள் தவணையை நிறுத்திவிட்டு, லொறி ஏறுமுன் காசு கேட்டார். அவருடைய நெருக்கடி அவருக்கு. பக்கத்துத் தோட்டப் பாதைகளில் இருந்த இன்னும் மூன்று கடைக்காரர்களோடு பேசினேன். இரண்டு பேர் எங்களவர்கள், ஒருவர் தமிழர். நாங்கள் நால்வரும் காசு சேர்த்து ஒரே லொறியில் மஹியங்கனையிலிருந்து அரிசியும் வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கும் எடுக்கத் தொடங்கினோம். அதுவரை எங்கள் மாவட்டத்து அரிசியையும் கிழங்கையுமே வெளி மாவட்டச் சந்தைக்குப் போய்த் திரும்பி வந்த விலையில் வாங்கிக்கொண்டிருந்தோம். சீனியும் பருப்பும் நூறு கிராம் பொதிகளாக முன்கூட்டியே கட்டி வைக்கிறோம். கையில் நூறு ரூபா உள்ள பிள்ளையும் கொப்பியைத் திறக்காமல் வாங்கிப் போகலாம்.

லிப்டனின் முடிவையும் சொல்லியாகவேண்டும். 1898இல் வியாபாரம் பங்கு நிறுவனமானது, அதே வருடம் சேர் பட்டமும் வந்தது. பிறகு பாய்மரப் படகுப் போட்டியில் மனம் போனது. 1899 முதல் 1930 வரை ஐந்து தடவை அமெரிக்கக் கிண்ணத்துக்குப் போட்டியிட்டார், ஒரு தடவையும் வெல்லவில்லை. இதற்கிடையில் 1914இல், இராணுவச் சிற்றுண்டிச்சாலைகளுக்கு உணவு விநியோகிக்கும் வாய்ப்புக்காக அதிகாரிகளுக்கு இலஞ்சம் கொடுத்த குற்றத்துக்காக அவருடைய நிறுவனத்து ஆட்கள் தண்டிக்கப்பட்டார்கள். போட்டிக் கடைகள் வளர்ந்தன, இவருடைய இலாபம் குறைந்தது. பிறர் சொல் கேட்டு வியாபாரத்தை மாற்ற அவரால் முடியவில்லை. 1927இல் பங்குகளை விற்றுக் கட்டுப்பாட்டைக் கைவிட்டார். 1931 ஒக்டோபர் 2இல் காலமானார். திருமணம் செய்யவில்லை, வாரிசும் இல்லை. பெரும் சொத்தைக் கிளாஸ்கோவுக்கும் அதன் ஏழைகளுக்கும் எழுதி வைத்தார். பெற்றோர் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

முந்நூறு கடை வைத்திருந்தவரும் கடை மேசையை விட்டு விலகியதும் தளர்ந்தார். எங்களுக்கு இருப்பது ஒரு மேசை. அதை விட்டு விலக எங்களால் முடியாது, அதுவே எங்கள் பலமும் கூட. ஊவாவில் சிறு கடை நடத்தும் சகோதரர்களிடம் நான் கேட்பது இதுதான். தனித்தனியாகக் கொழும்பு லொறிக்குக் காத்திருக்காமல், நான்கைந்து கடைகள் சேர்ந்து சரக்கு எடுங்கள். சமூகம் பார்க்கவேண்டாம், பாதையைப் பாருங்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தக சங்கங்களும் முதலில் ஒரு சிறு சுழற்சி நிதியை வட்டியில்லாமல் வைத்து உதவலாம். ஒரு லொறிச் சரக்குக்குத் தேவையான அளவு போதும். சம்பளம் போட்ட நாள் கடன் திரும்பும்போது அந்த நிதியும் திரும்பும். வெளிநாட்டுக்குப் போகத் துடிக்கும் எங்கள் பிள்ளைகளில் ஒருவராவது, கடையில் நின்றாலும் பிழைக்கலாம் என்று நம்புவதற்கு அது போதும்.