கப்பல் வீட்டுப் பிள்ளை

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவன்)



நீராவி என்றதும் ஜேம்ஸ் வாட் என்கிறோம். ரயில் என்றால் ஸ்டீவன்சன், நீராவிப் படகு என்றால் ஃபுல்டன். நம்ம நாட்டுக்காரர் பேர் ஒண்ணு சொல்லுடா பார்ப்போம் என்று என் மாமா ஒருநாள் கேட்டுவிட்டார். முத்தியால்பேட்டை மணிக்கூண்டு பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர் அவர். நான் திருதிருவென்று முழித்தேன். டிப்ளமோ மூணாவது வருஷம் படிக்கிறவன் முழிக்கலாமா? நூலகத்தில் தேடியபோது கிடைத்த பெயர்தான் அர்தசீர் கர்செட்ஜி வாடியா.

1808 அக்டோபர் 6 அன்று பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். 1736-இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்து, தலைமுறை தலைமுறையாகத் தேக்குமரக் கப்பல் கட்டிய குடும்பம் அது. 1817-இல் அவர்கள் கட்டிய டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கிறது என்றால் வேலைப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

அர்தசீர் 14 வயதில் கப்பல் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1829-இல் ஹியூ லிண்ட்சே என்ற நீராவிக் கப்பல் அதே பம்பாயில் கட்டப்பட்டு, மறு ஆண்டு சூயஸ் வரை போய் வந்தது. கப்பலின் உடல் நம்மவர் கட்டியது. என்ஜினோ இங்கிலாந்திலிருந்து வந்தது. இந்தக் குறை அவர் மனதை உறுத்தியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் மரத்தில் கைதேர்ந்த அந்த வீட்டுப் பிள்ளை இரும்பின் பக்கம் திரும்பினார். முதலில் 1 குதிரைத்திறன் கொண்ட ஒரு சின்ன நீராவி என்ஜினைத் தாமே செய்தார். 1833-இல் 60 டன் எடையுள்ள இண்டஸ் என்ற கப்பலைக் கட்டி நீராவியால் ஓட்டினார். கொதிகலனின் ஆவி பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் கிராங்கைச் சுற்ற, காற்றே இல்லாவிட்டாலும் கப்பல் நகரும். நமக்கு இது பாடம். அன்று பார்த்தவர்களுக்கு அதிசயம். அடுத்த ஆண்டே மசகானில் இருந்த தம் வீட்டில் எரிவாயு விளக்கு ஏற்றிக் காட்டினார்.

1839-இல் மேல்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர் இவர்தான். இரண்டாமவர் நம் கணிதமேதை ராமானுஜன். அதற்கு 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

அதே 1841-இல் பம்பாய் நீராவித் தொழிற்சாலையின் தலைமைப் பொறியாளர் பதவி கிடைத்தது. அவருக்குக் கீழே வெள்ளைக்காரர்கள் வேலை செய்ய வேண்டும். சும்மா விடுவார்களா? எவ்வளவு திறமை இருந்தாலும் ஒரு இந்தியன் எங்களை மேய்ப்பதா என்கிற மாதிரி அங்கிருந்த ஆங்கிலப் பத்திரிகை எழுதியது. 1857-இல் ஓய்வு பெறும்வரை அவர் அந்த நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

அதற்கிடையில் 1849-இல் அமெரிக்காவும் போய் வந்தார். 1851-இல் லௌஜி ஃபேமிலி என்ற நீராவிக் கப்பலை வெள்ளோட்டம் விட்டார். அதன் பாகங்கள் அத்தனையும் அவர் தம் வீட்டிலேயே வைத்திருந்த வார்ப்படச் சாலையில் செய்யப்பட்டவை. உடலும் நம்முடையது, உயிரும் நம்முடையது! 22 வருஷத்துக்கு முந்தைய குறை அன்று தீர்ந்தது.

1861-இல் சிந்து நதிக் கப்பல் அணியின் கண்காணிப்புப் பொறியாளரானார். பின் இங்கிலாந்தில் குடியேறி, 1877 நவம்பர் 16 அன்று ரிச்மண்டில் காலமானார். இரண்டே ஆண்டில், 1879-இல், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நம் புதுச்சேரிக்கும் நீராவி ரயில் வந்து சேர்ந்தது. 1969-இல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். வைத்திக்குப்பத்துப் படகு என்ஜின் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தவர், அதைக் காட்டி, இதையும் எங்கிருந்தோ வாங்கித்தானே மாட்டுறோம், ரிப்பேர் மட்டும்தானே நம்மது என்றார். சுருக்கென்றது.

டிப்ளமோதானா என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது இப்போதெல்லாம் நான் கூசுவதில்லை. பட்டறைப் பழைய இரும்பில் ஒரு சின்ன நீராவி என்ஜின் செய்துகொண்டிருக்கிறேன். சிலிண்டரில் இன்னும் ஆவி கசிகிறது. அடைத்துவிடுவேன். நண்பர்களே, நீங்களும் ஒன்று செய்து பாருங்கள்!