முதலாம் மகேந்திரவர்மன்

முதலாம் மகேந்திரவர்மன் (ஆட்சிக்காலம்: ஏறத்தாழ கி.பி. 600 - 630) காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பல்லவ மன்னன் ஆவான். இவன் சிம்மவிஷ்ணுவின் மகன். மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மனின் தந்தை. குடைவரைக் கோயில்களால் பெரிதும் அறியப்படும் இவன், காஞ்சி நகரின் மதுக்கடையையும் குடியர்களையும் பொருளாகக் கொண்ட மத்தவிலாசப் பிரகசனம் என்னும் வடமொழி நகைச்சுவை நாடகத்தின் ஆசிரியனும் ஆவான்.

ஆட்சியும் சமயமும்

மகேந்திரவர்மன் காலத்தில் பல்லவர்களுக்கும் வாதாபிச் சாளுக்கியர்களுக்கும் இடையே நெடும்பகை மூண்டது. இரண்டாம் புலிகேசி பல்லவ மன்னனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கச் செய்ததாக 634 ஆம் ஆண்டின் ஐகோளே கல்வெட்டு கூறுகிறது. பல்லவர்களின் காசாக்குடிச் செப்பேடோ புள்ளலூரில் மகேந்திரவர்மன் பகைவரை வென்றான் என்கிறது. புள்ளலூர் காஞ்சிக்கு அருகில் உள்ளது என்பதால், போர் தலைநகரின் வாயில்வரை வந்தது தெளிவு.

தொடக்கத்தில் சமணனாக இருந்து, திருநாவுக்கரசரால் சைவனானான் என்பது மரபு. மண்டகப்பட்டுக் கல்வெட்டு செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இன்றி இவன் கோயில் அமைத்ததைப் பதிவு செய்துள்ளது. விசித்திரசித்தன், குணபரன், சித்திரகாரப்புலி, இலளிதாங்குரன் என்பன இவனுடைய விருதுப்பெயர்களுட் சில. நாடகத்தின் பெயரான மத்தவிலாசன் என்பதும் அவற்றுள் ஒன்றே.

நாடகத்தில் காஞ்சி மதுக்கடை

சத்தியசோமன் என்னும் காபாலிகனும் அவன் துணைவி தேவசோமையும் போதையில் காஞ்சித் தெருக்களில் வருகின்றனர். மயக்கத்தில் அவளை வேறு பெயரிட்டு அழைத்துவிட்ட அவன், பழியைக் குடியின் மேல் போட்டு, இனிக் குடிப்பதில்லை என உறுதி கூற முற்படுகிறான். தேவசோமையே அதைத் தடுத்துவிடுகிறாள். இருவரும் அடுத்த மதுக்கடையை அடைகின்றனர்.

அக்கடை காபாலிகன் கண்ணுக்கு வேள்விச்சாலையாகத் தோன்றுகிறது. கடையின் அடையாளக் கம்பம் வேள்வித்தூண், மது சோமரசம், குடியர்கள் வேள்வி செய்வோர், சுட்ட இறைச்சி அவிப்பொருள், போதைப் பேச்சு மந்திரம், பாட்டு சாமகானம், கடைக்காரன் வேள்வித்தலைவன் என ஒப்புமை நீள்கிறது. குடிப்பவனின் வேட்கையே அங்கு வளர்க்கப்படும் தீ. நகைப்புக்காக எழுதப்பட்டதாயினும், மதுக்கடையின் சிறப்பு மதுவை மட்டும் பொறுத்ததன்று, உடன் உண்ணும் பொருளும் பாட்டும் கூட்டமும் சேர்ந்ததே என்பதை இப்பகுதி நன்கு காட்டுகிறது.

மதுவை ஏற்கக் கை நீட்டும்போதுதான் தன் கபாலம் காணாமற்போனதை அவன் உணர்கிறான். பாத்திரமின்றி அவன் நோன்பே இல்லை. இடர்க்காலத்துக்கு விதிவிலக்கு உண்டு எனச் சொல்லி மாட்டுக்கொம்பில் மதுவை வாங்கிக்கொள்கிறான். கபாலத்தில் சுட்ட இறைச்சி இருந்ததால் நாயோ பௌத்தத் துறவியோ எடுத்திருக்க வேண்டும் என்று ஐயுற்று, வழியில் வந்த நாகசேனன் என்னும் துறவியைப் பிடித்துக்கொள்கிறான். பாசுபதன் ஒருவன் நடுவனாகிறான். வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லும் பேச்சு எழுந்ததும், விகாரைச் செல்வம் உடையவன் நீதிபதிகளின் வாயை அடைத்துவிடுவான் என்கிறாள் தேவசோமை. தன் தலைநகரின் நீதிமன்றத்தைப் பற்றி அரசனே இவ்வாறு எழுதியிருப்பது குறிப்பிடத்தக்கது. முடிவில், நாயிடமிருந்து கபாலத்தைப் பறித்த பித்தன் ஒருவனால் அது மீள்கிறது.

காஞ்சிப் பகுதியில் மது ஆக்கிய முறை

நாடகம் மதுக்கடையின் களிப்பைக் காட்டுகிறதே தவிர, நல்ல மது எவ்வாறு உருவாகிறது என்பதைச் சொல்வதில்லை. அதற்குப் பல்லவர்க்கு முற்பட்ட பெரும்பாணாற்றுப்படை உதவுகிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட இந்நூலில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பின் அரிசி மதுவை விவரிக்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய தட்டில் ஆற்றி, இடித்த நெல்முளையைக் கலந்து, இரு பகலும் இரு இரவும் கழித்து, சாடியில் பச்சை மணம் நீங்க விளைந்த பின் விரலால் அலைத்து வடிப்பர். இதனுடன் சுட்ட மீனும் தரப்படும்.

இவற்றுள் எந்தப் படி தவறினாலும் மது கெடும். கொதிக்கும் களியில் முளைமாவைச் சேர்த்தால், மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் நொதியங்கள் அழிந்துவிடும். உரிய காலத்துக்கு முன் வடித்தால் பச்சை மணம் போகாது. மிகுதியாக விட்டுவைத்தால் புளித்துவிடும். பார்லியை முளைக்கவைத்து ஸ்டவுட் முதலிய பீர் வகைகளை ஆக்கும் ஐரோப்பிய முறைக்கும் அடிப்படை இதுவே.

கடையில் விற்கும் நிலையிலும் மதுவின் தரம் கவனிக்கப்பட்டது. கெட்டுப்போன மதுவை விலங்குகளுக்குக் கொடுத்துவிடலாம் என்றும், மதுக்கடைகளில் தனித்தனி அறைகளும் இருக்கைகளும் பருவத்துக்கேற்ற வசதிகளும் வேண்டும் என்றும் கௌடலியரின் அர்த்தசாத்திரம் விதிக்கிறது.

நாடகத்தின் பிற்கால நிலை

மத்தவிலாசப் பிரகசனத்தை த. கணபதி சாஸ்திரி 1917 ஆம் ஆண்டு திருவனந்தபுரம் வடமொழி நூல் வரிசையில் பதிப்பித்தார். பகவதஜ்ஜுகம் என்னும் மற்றொரு பிரகசனமும் இவனுடையது என்பர். மாமண்டூர்க் கல்வெட்டு இவ்விரு நாடகங்களையும் குறிப்பிடுகிறது. காஞ்சியை நிலைக்களனாகக் கொண்டது மத்தவிலாசம். எனினும், இதன் மேடை மரபு கேரளத்துச் சாக்கியார்களிடமே தொடர்ந்தது. அவர்கள் இதனைக் கோயில்களில் வேண்டுதலாகவும் நடித்து வந்துள்ளனர்.